‘செய்ய முடியும்’ முதல் ‘செய்தோம்’ வரை: தொல்லியல் பாடத்திட்டம் வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். தமிழ்வழித் தொல்லியல் பட்டயப் படிப்புக்குப் பாடம் வகுப்பவர்களும் வினாத்தாள் எடுப்பவர்களும் நீங்கள். நான் அந்தப் படிப்பை நாற்பது வயதுக்கு மேல் ஞாயிற்றுக்கிழமை வகுப்புகளில் உட்கார்ந்து படித்துத் தேறியவன். தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு ஒரு கேள்வி வந்தது: ‘சோதனைத் தொல்லியல் – சிறுகுறிப்பு வரைக.’ பாடநூலில் அதற்கு அரைப்பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். 1960களில் மேற்கு நாடுகளில் தோன்றிய துறை. பழங்காலக் கருவிகளையும் வீடுகளையும் கப்பல்களையும் அக்கால முறைப்படியே செய்து பார்த்து, கடந்த காலத்தை அறிவியல் முறையில் நிறுவுவது. அதை அப்படியே எழுதி ஐந்துக்கு நான்கு வாங்கினேன். குறைந்துபோன ஒரு மதிப்பெண்ணுக்காக இந்த மடலை எழுதவில்லை. கிடைத்த நான்கு எனக்கு உறுத்துகிறது.

‘1960களில் தோன்றியது’ என்பது தவறு. ‘நிறுவுவது’ என்பது அதைவிடப் பெரிய தவறு. இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

‘செய்ய முடியும்’, ‘செய்திருக்கலாம்’, ‘செய்தார்கள்’, ‘செய்தோம்’ என்று நான்கு வினைகளை வரிசையாக எழுதிப் பாருங்கள். கல்கோடரியால் மரத்தை வெட்டிப் பார்க்கும் சோதனை நமக்குத் தருவது முதல் சொல்லை மட்டும். அதிலிருந்து இரண்டாவதற்குப் போக நியாயம் வேண்டும். மூன்றாவதற்கு மண்ணுக்குள்ளிருந்து சான்று வர வேண்டும். நான்காவது தொல்லியலில் சேர்த்தியே இல்லை; ஆனால் இந்தத் துறைக்குப் பணம் கொடுத்தவர்களில் பலர் கேட்டது அந்த நான்காவதைத்தான். பாடநூல் சொல்லாமல் விட்டது இந்தக் கதையை.

முதலில் தொடக்க காலம். ஸ்வீடன் நாட்டு விலங்கியலாளர் ஸ்வென் நில்சன் இளமையில் தன் துப்பாக்கிக்கான சக்கிமுக்கிக் கல்லைத் தானே கொத்திக்கொண்டவர். அந்தப் பழக்கம் இருந்ததால் 1830களில் பழங்காலக் கல்கருவிகளைக் கையில் எடுத்தபோது அவை உடைக்கப்பட்ட விதம் அவருக்குப் புரிந்தது. இங்கிலாந்தின் பிட்-ரிவர்ஸ் 1870களில் சிஸ்பரிக் குன்றில் மான்கொம்பை வைத்துச் சுண்ணாம்புப் பாறையைத் தோண்டிப் பார்த்தார். டென்மார்க்கில் செஹெஸ்டெட் என்ற நிலக்கிழார் 1879இல் தன் புரோஹோல்ம் பண்ணையில் கல்கருவிகளை மட்டும் கொண்டு ஒரு மரவீட்டைக் கட்டவைத்தார். ஆக, 1960க்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்பே வீடு எழும்பிவிட்டது.

இவர்கள் காலத்துச் சிந்தனையையும் கூடவே சொல்ல வேண்டும். மனித குலம் ஒரே ஏணியில் படிப்படியாக ஏறுகிறது, ஐரோப்பியர் உச்சியில் நிற்கிறார்கள், காலனி நாடுகளின் பழங்குடிகள் கீழ்ப்படிகளில் நிற்கிறார்கள் என்று அன்று படித்தவர்கள் நம்பினார்கள். பிட்-ரிவர்ஸ் ஒரு படைத்தளபதி. உலகெங்கிலுமிருந்து சேர்த்த ஆயுதங்களை எளியதிலிருந்து சிக்கலானது வரை அந்த ஏணிப்படியே அடுக்கி வைத்தார். கற்கால மனிதன் எப்படி வேலை செய்தான் என்று தெரிய வேண்டுமானால் இன்றைய ‘காட்டுமிராண்டி’யைப் பார்த்தால் போதும் என்பதுதான் அதன் உட்பொருள்.

அந்த எண்ணம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு இஷியின் கதை ஒன்று போதும். கலிபோர்னியாவின் யாஹி இனத்தவரை வெள்ளைக் குடியேறிகள் கொன்று ஒழித்தபின் எஞ்சிய ஒரே மனிதர் 1911இல் ஓரோவில் ஊரருகே பிடிபட்டார். தன் பெயரைத் தானே சொல்வது அவர்கள் வழக்கத்தில் இல்லை. ஆகவே மானுடவியலாளர் ஆல்ஃபிரட் குரோபர் அவருக்கு ‘இஷி’ என்று பெயரிட்டார். அவர் மொழிக்குழுவில் அதற்கு ‘மனிதன்’ என்று பொருள். சான் பிரான்சிஸ்கோவில் பல்கலைக்கழக அருங்காட்சியகத்திலேயே அவர் வாழ்ந்தார். பார்வையாளர் முன் அம்புமுனை செய்து காட்டினார். சாக்ஸ்டன் போப் என்ற மருத்துவர் அவரிடம் வில்வித்தை கற்றார். கல் கொத்துவதைப் பற்றி மேற்குலகம் கற்றவற்றில் ஒரு பகுதி அந்தக் கைகளிலிருந்து போனது. 1916இல் காசநோயில் இறந்தார். உடலை எரிக்குமுன் மூளையை எடுத்து ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். அது அவருடைய உறவுக்குழுக்களிடம் திரும்பி வர 2000ஆம் ஆண்டு வரை ஆயிற்று. அரைப்பக்கத்தில் இஷிக்கு இடமில்லை என்பது எனக்குப் புரிகிறது. பக்கத்தைக் கூட்டலாமே.

அடுத்து இரண்டு கடற்பயணங்கள். என்னைப் போன்ற மாணவர்கள் இவற்றை அருகருகே வைத்துப் படித்திருந்தால் ‘நிறுவுவது’ என்ற சொல்லை எழுதியிருக்க மாட்டோம்.

1880இல் நார்வேயில் கோக்ஸ்டாட் மேட்டிலிருந்து, வைக்கிங்குகள் எனப்படும் பழங்கால வட ஐரோப்பியக் கடலோடிகளின் கப்பல் ஒன்று தோண்டியெடுக்கப்பட்டது. 1893இல் அமெரிக்காவின் சிகாகோவில் கொலம்பஸ் போனதன் 400ஆம் ஆண்டைக் கொண்டாடும் உலகக் கண்காட்சி. மாக்னஸ் ஆண்டர்சன் என்ற மாலுமி அந்தக் கப்பலைப் போலவே ஒன்றைக் கட்டி, பெர்கனிலிருந்து புறப்பட்டு நான்கு வாரத்தில் நியூஃபவுண்ட்லாந்தைத் தொட்டார். கொலம்பஸ் விழாவுக்கு வைக்கிங் கப்பலில் போய் இறங்குவதன் குறும்பைக் கவனியுங்கள்! நார்வே அன்று ஸ்வீடன் அரசரின் கீழ் இருந்த நாடு. தனிநாடாவதற்கு இன்னும் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தன. கொலம்பஸுக்கு முன்பே எங்கள் முன்னோர் அமெரிக்கா போனார்கள் என்ற வாதத்தையும் கப்பல் சுமந்து போனது. இருந்தாலும் அந்தப் பயணத்தில் மெய்யான அறிவும் கிடைத்தது. அலையில் கப்பலின் உடல் வளைந்து நெளிந்து கொடுப்பதை ஆண்டர்சன் பதிவு செய்தார். விறைப்பாக இல்லாமல் இருப்பதே அந்தக் கட்டுமானத்தின் பலம் என்பதை அருங்காட்சியகத்தில் நிற்கும் கப்பலைப் பார்த்து யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது.

ஆனால் வைக்கிங்குகள் அமெரிக்காவுக்குப் போனார்கள் என்பதை அந்தக் கப்பல் காட்டவில்லை. போக முடியும் என்று காட்டியது, அவ்வளவுதான். 1960இல் நார்வே ஆய்வாளர் ஹெல்கே இங்ஸ்டாட், நியூஃபவுண்ட்லாந்தின் வடமுனையில் லான்ஸ் ஓ மெடோஸ் என்ற மீனவர் ஊரில் மண்மேடுகளைக் கண்டார். அவருடைய மனைவி ஆன் ஸ்டீனெ இங்ஸ்டாட் அங்கே அகழ்ந்தார். வைக்கிங் பாணி வீடுகள், இரும்பு உருக்கிய தடயம், ஒரு வெண்கல ஊசி, நூல் நூற்கும் தக்களியின் வட்டு. அங்கே கிடைத்த மரத்துண்டுகள் கி.பி. 1021இல் வெட்டப்பட்டவை என்று 2021இல் துல்லியமாகத் தேதி கிடைத்தது. கப்பல் ‘முடியும்’ என்று சொல்லி ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் கழித்து, மண்வெட்டி ‘செய்தார்கள்’ என்று சொன்னது.

இரண்டாவது பயணமும் ஒரு நார்வேக்காரருடையதுதான். 1947இல் தோர் ஹேயர்டால் ஐந்து தோழர்களுடன் கான்-டிக்கி என்ற பால்சா மரத் தெப்பத்தில் பெருவின் கயாவோ துறைமுகத்திலிருந்து புறப்பட்டு 101 நாளில் பாலினீசியாவின் ரரோயா பவழத்தீவில் மோதி இறங்கினார். கரையோரக் கப்பல் போக்குவரத்தைத் தாண்டும்வரை பெருவின் கடற்படை இழுவைப் படகு இழுத்துச் சென்று விட்டது. அதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். துணிச்சலில் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நீந்தக்கூடத் தெரியாதவன் நான். ஆனால் அவர் நிறுவ முயன்றது என்ன? பசிபிக் தீவுகளுக்கு முதலில் நாகரிகத்தைக் கொண்டுவந்தவர்கள், தென் அமெரிக்காவிலிருந்து வந்த, வெள்ளைத் தோலும் தாடியும் கொண்ட ஓர் இனத்தார் என்பதை. உலகம் முழுவதும் தெப்பத்தின் படத்தைப் பார்த்துக் கைதட்டியது. உள்ளே இருந்த சரக்கைப் பார்த்தவர்கள் சிலர்தான்.

மொழியும், மண்பாண்டமும், பயிர்களும், பின்னால் மரபணுவும் பாலினீசியர்கள் மேற்கிலிருந்து, ஆசியப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்றே சொல்கின்றன. தென் அமெரிக்காவின் சர்க்கரைவள்ளிக் கிழங்கு அத்தீவுகளில் இருப்பதும், 1200 வாக்கில் இரு தரப்பினரும் கலந்ததற்கு மரபணுத் தடயம் கிடைத்திருப்பதும் உண்மை. தொடர்பு இருந்தது. அதை வைத்து வெள்ளை மூதாதையரை யாரும் மீட்டெடுக்க முடியாது. இரண்டு நார்வேப் பயணங்களும் கடலில் வென்றன. ஒன்றின் வாதத்தை மண் ஆதரித்தது, மற்றொன்றின் மைய வாதத்தைக் கைவிட்டது. கரை சேர்ந்தது என்ற ஒரே காரணத்தால் எதுவும் உண்மையாகிவிடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

இதற்கு எதிர்ப்பாட்டும் உண்டு. பாலினீசியர்கள் திசை தெரியாமல் அடித்துச் செல்லப்பட்டுத் தீவுகளை அடைந்தவர்கள் என்று 1950களில் ஒரு வாதம் வலுவாக எழுந்தது. ஹவாயில் 1973இல் உருவான பாலினீசியக் கடற்பயணச் சங்கம், ஹோகுலேஆ என்ற இரட்டை உடல் படகைக் கட்டி, 1976இல் கருவிகள் எதுவுமில்லாமல் தஹித்திக்குச் செலுத்தியது. வழிகாட்டியவர் மைக்ரோனீசியாவின் சதவால் தீவைச் சேர்ந்த மாவ் பியாலுக். விண்மீன், அலையின் வாட்டம், பறவை: இவற்றைப் படித்தே ஒரு மாதத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஹவாயிலேயே அந்த அறிவு அற்றுப்போயிருந்ததால் வேறு தீவிலிருந்து ஒருவரை அழைக்க வேண்டியிருந்தது. இதிலும் கொள்கை உண்டு, சந்தேகமில்லை. தங்கள் முன்னோரை மிதக்கும் கட்டைகளாக்கிவிட்ட வாதத்துக்கு எதிரான கோபம் அது. இஷி கண்காட்சிப் பொருளாக உட்கார்ந்த இடத்தில் மாவ் பியாலுக் ஆசானாக நின்றார். கொள்கை இல்லாத சோதனை வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எந்தக் கொள்கை, யாருடைய செலவில், யாருடைய கையால் என்று மாணவர்கள் கேட்டுப் பழக வேண்டும் என்கிறேன்.

இப்போது எனக்கு மிகவும் கசப்பான பகுதிக்கு வருகிறேன்.

தெற்கு ஜெர்மனியில் போடன் ஏரிக்கரையில் உண்டெரூல்டிங்கென் என்ற ஊர். 1922இல் அங்கே கால்மரங்களின் மேல் நிற்கும் இரண்டு கற்கால வீடுகளைக் கட்டினார்கள். பின்புலத்தில் இருந்தவர் ட்யூபிங்கென் பல்கலைக்கழகத்து இளம் ஆய்வாளர் ஹான்ஸ் ரைனெர்த். திறமையானவர், அகழாய்வு தெரிந்தவர். 1931இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். நாஜிக் கொள்கையாளர் ஆல்ஃபிரட் ரோசன்பெர்க்கின் ஆதரவில் ஜெர்மன் முன்வரலாற்று அமைப்பின் தலைவரானார். ஏரிக்கரை வீடுகள் அந்த அமைப்பின் கைக்குப் போயின, பெருகின. 1936இல் ஓர்லிங்ஹௌசன் ஊரில் ‘ஜெர்மானியப் பண்ணைவீடு’ ஒன்று எழுந்தது. எழுத்தறியாத காலத்து ஜெர்மானியர் காட்டுமிராண்டிகள் அல்லர் என்று காட்டுவதுதான் நோக்கம். நோக்கத்தில் பாதி நியாயம்கூட இருந்தது. ரோமானியர்கள் எழுதிவைத்த இழிவை எதிர்ப்பதில் என்ன தவறு? மற்றப் பாதி என்னவாயிற்று என்பது உலகறிந்தது. சுவர் எப்படி எழுப்பினார்கள், கூரை எப்படி வேய்ந்தார்கள் என்ற அக்கறையான கைவேலை, ‘இந்த ரத்தம்தான் உன் ரத்தம்’ என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் மேடையானது.

இதே காலத்தில் போலந்தில் பிஸ்குபின். 1933இல் ஏரிக்கரையில் மரக்கட்டைகள் துருத்திக்கொண்டிருப்பதை ஒரு பள்ளி ஆசிரியர் கண்டு சொன்னார். 1934முதல் யூசெஃப் கோஸ்ட்ஷெவ்ஸ்கி குழு அகழ்ந்தது. ஈரச் சேற்றில் கெடாமல் கிடந்த ஒரு முழு ஊர்: மரக்கட்டை பாவிய தெருக்கள், வரிசை வீடுகள், சுற்றி அரண். கி.மு. 738ஐ ஒட்டிய குளிர்காலத்தில் வெட்டிய மரங்கள் என்று மரவளையங்கள் பின்னால் தேதி சொல்லின. கோஸ்ட்ஷெவ்ஸ்கி அதை ஸ்லாவிய முன்னோரின், அதாவது போலந்து மக்களின் மூதாதையரின் ஊர் என்றார். போர் வந்தது. ஜெர்மானியர் ஊரைப் பிடித்ததும் நாஜித் தலைவர் ஹிம்லரின் ‘அனெனெர்பெ’ என்ற ஆய்வு அமைப்பிலிருந்து ஹான்ஸ் ஷ்லைஃப் என்பவர் வந்து தோண்டினார், ஊருக்கு ‘உர்ஷ்டேட்’ என்று ஜெர்மன் பெயர் வைத்தார், அதே மரக்கட்டைகளை ஜெர்மானியருடையவை என்றார். போர் முடிந்ததும் ஊர் மறுபடி ஸ்லாவியம்.

கோஸ்ட்ஷெவ்ஸ்கி யாரிடம் படித்தார் என்பதுதான் இதில் வேடிக்கை. பெர்லினில் குஸ்தாஃப் கொசினாவிடம். மண்ணில் ஒரே மாதிரிப் பானை கிடைக்கும் எல்லைதான் ஒரே இனத்தின் எல்லை என்று கற்பித்த அதே கொசினா. நாஜிகளின் முன்வரலாறு தலைமேல் வைத்துக்கொண்டாடிய அதே கொசினா. ஆசானின் கோலைப் பிடுங்கி ஆசானின் ஊர்க்காரர்களையே அடித்தார் மாணவர். கோல் கோணல் என்று இருவருமே சொல்லவில்லை. இன்று அங்கே உயரமான மர அரணும் வாயிலும் வீட்டு வரிசைகளும் மறுபடி எழுந்து நிற்கின்றன. அங்கே வாழ்ந்தவர்கள் என்ன மொழி பேசினார்கள் என்பதை எந்தக் கட்டையும் சொல்லாது.

ரைனெர்த்தின் கதைக்கு ஒரு வால் உண்டு. போருக்குப்பின் சக ஆய்வாளர்கள் அவரை ஒதுக்கினார்கள். ஏரிக்கரை அருங்காட்சியகத்தில் மட்டும் பல பத்தாண்டுகள் அவரே பொறுப்பில் இருந்தார். பிற்காலத்தில் அந்த அருங்காட்சியகமே தன் பழைய கணக்கைத் தோண்டி எடுத்து எழுதியது. அந்த நேர்மையையும் பாடமாக வைக்கலாம்.

1960களுக்கு வருகிறேன், பாடநூல் தொடங்கும் இடம் இதுதான். 1961இல் தொல்லியலாளர் ராபர்ட் ஆஷர் இந்த முறைக்கு இலக்கணம் எழுத முயன்றார், பின்னால் தொல்லியலாளர் ஜான் கோல்ஸ் அதை ஒழுங்குபடுத்தினார். 1964இல் ஹான்ஸ்-ஓலெ ஹான்சன் டென்மார்க்கின் லெய்ரெயில் சோதனை மையம் தொடங்கினார், 1972இல் பீட்டர் ரெனால்ட்ஸ் இங்கிலாந்தில் பட்சர் பண்ணையைத் தொடங்கினார். கருதுகோள், அளவீடு, திரும்பச் செய்தல் என்று இயற்பியல் ஆய்வகத்தின் மொழி வந்தது. அதற்கு முன்பே லெனின்கிராட்டில் செர்கெய் செமியோனோவ் கல்கருவிகளின் விளிம்பை நுண்ணோக்கியில் பார்த்து, அவற்றால் எதை வெட்டினார்கள் என்று தேய்மானத்தை வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்; உழைப்பும் கருவியுமே வரலாறு என்ற மார்க்சியச் சூழலில் அந்தக் கேள்வி இயல்பாக முளைத்தது. ‘எங்களுக்குக் கொள்கை கிடையாது, அளவுகோல் மட்டும்தான்’ என்று 1960களின் மேற்கு சொன்னதும் ஒரு கொள்கையே. முப்பது ஆண்டுக்கு முந்தைய அசிங்கத்தைத் துடைத்துக்கொள்ள அவர்களுக்கு அது தேவைப்பட்டது. நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. ரெனால்ட்ஸ் தன் வட்டவீடுகளை ‘மறுகட்டுமானம்’ என்று அழைக்க மறுத்தார். அவை வெறும் கட்டுமானங்கள் என்பார். மண்ணில் கிடைத்தது தூண் குழிகள் மட்டும், மேலே இருப்பதெல்லாம் நம் ஊகம் என்ற கண்டிப்பு அது. கூரை உச்சியில் புகைத்துளை வேண்டும் என்று எல்லோரும் நம்பினார்கள். துளை வைத்தால் காற்று இழுத்துத் தீப்பிடிக்கும், இல்லாவிட்டால் புகை கூரை வழியாகவே கசிந்து போய்விடும் என்பது கட்டி எரித்துப் பார்த்ததில் தெரிந்தது. கீற்றுக்கூரைக்குக் கீழே அடுப்பெரித்த நம் பாட்டிகளைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள்.

அளவுகோலும் ஏமாற்றும். கோல்ஸ் செய்த வெண்கலக் காலக் கேடயச் சோதனை புகழ்பெற்றது: உலோகக் கேடயம் வாள்வீச்சில் கிழிந்தது, தோல் கேடயம் தாங்கியது. ஆகவே உலோகக் கேடயங்கள் வெறும் அலங்காரம் என்று தலைமுறைக்குப் பாடம் சொன்னார்கள். அவர் பயன்படுத்திய தகடு மூலக் கேடயங்களை ஒத்ததல்ல, அவற்றில் பல சண்டைக்கு ஏற்றவையே என்று பின்வந்தவர்கள் மறுபடி செய்து பார்த்து வாதிட்டார்கள்.

என் தந்தை தச்சர். படிக்கும் காலத்தில் அவரிடம் டென்மார்க்கின் ட்ராவெட் காட்டில் 1950களின் தொடக்கத்தில் நடந்த சோதனையைச் சொன்னேன். உண்மையான புதியகற்காலக் கல்கோடரிகளுக்குப் பிடிபோட்டு மரம் வெட்டினார்கள். இரும்புக் கோடரியில் பழகியவர்கள் உடல்பாரம் முழுவதையும் போட்டு ஓங்கி வெட்டியபோது கல் உடைந்தது. முழங்கையிலிருந்து சின்னச் சின்னதாக, வேகமாகக் கொத்தினால்தான் மரம் விழுந்தது. பழைய கையை மறந்து புதிய கையைக் கற்க வேண்டியிருந்தது. அப்பா கேட்ட ஒரே கேள்வி: “பிடி என்ன மரம்?” பாடநூலில் இல்லை. “அப்புறம் என்ன படிச்சே?” என்றார்.

இவ்வளவு ஐரோப்பியக் கதை நமக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். 2025 மே மாதம் கார்வாரில் இந்தியக் கடற்படை ‘ஐஎன்எஸ்வி கவுண்டின்யா’ என்ற தையல் கப்பலைச் சேர்த்துக்கொண்டது. ஆணி அடிக்காமல் பலகைகளைத் தேங்காய்நார்க் கயிற்றால் தைத்த கப்பல். மாதிரி, அஜந்தாவின் 5ஆம் நூற்றாண்டு ஓவியம். தைத்தவர்கள் பாபு சங்கரன் தலைமையிலான கேரளக் கைவினைஞர்கள். நீரோட்ட மாதிரிச் சோதனைகள் சென்னை ஐஐடியில் நடந்தன. ஒரு சுவர் ஓவியத்திலிருந்து கடலோடும் கப்பலை எடுப்பது மலைப்பான வேலை; பெருமைப்பட்டேன். பிறகு அதன் பாய்களையும் தளத்தையும் பற்றிப் படித்தேன். பாயில் கண்டபேருண்டப் பறவை, முகப்பில் சிம்ம யாளி, தளத்தில் அடையாளமாக ஒரு ஹரப்பா பாணிக் கல்நங்கூரம். பெயரோ தென்கிழக்காசியாவுக்குப் போனதாகச் சொல்லப்படும் ஒரு புராண மாலுமியினுடையது. தையல் சோதனை. நங்கூரம் சின்னம். ஒரே கப்பலில் இரண்டும் இருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. எது எது என்று பிரித்துப் பார்க்கும் கண் நம் மாணவருக்கு இருக்கிறதா என்பதே என் கேள்வி. நாளை நம் அகழாய்வு ஊர் ஒன்றில் சங்ககால வீடு ஒன்றைக் கட்டுவார்கள். செங்கல்லின் அளவு மண்ணிலிருந்து வரும். கூரையின் சாய்வு தச்சரின் தலையிலிருந்து வரும். வாசலில் நிற்கும் பலகையில் ‘நாம்’ என்ற சொல் எப்படியும் வரும். அன்று வழிகாட்டியாக நிற்கப்போவது உங்கள் மாணவர்தான்.

ஆகவே என் கோரிக்கைகள். அரைப்பக்கத்தை ஒரு பாடமாக விரியுங்கள். பிஸ்குபினும் பட்சரும் அதில் அடுத்தடுத்து வரட்டும். ஐந்து மதிப்பெண் சிறுகுறிப்பை எடுத்துவிட்டு, ஒரு மறுகட்டுமானத்தின் படத்தைக் கொடுத்து, மண்ணில் கிடைத்தது எது, கட்டியவர் சேர்த்தது எது என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். கல் கொத்தவும் நார் முறுக்கவும் தெரிந்த ஒருவரை, செய்துகாட்ட அல்ல, கற்பிக்க அழையுங்கள். விருந்துப் பேராசிரியருக்குத் தரும் மதிப்பூதியமே அவருக்கும் கிடைக்கட்டும்.

கடைசியாக ஒன்று. இங்கிலாந்தின் ஓவர்டன் டவுனில் 1960இல் ஒரு மண்மேட்டையும் பள்ளத்தையும் வேண்டுமென்றே உண்டாக்கினார்கள். உள்ளே துணி, தோல், மரம், எலும்பு ஆகியவற்றைப் புதைத்தார்கள். 2, 4, 8, 16, 32, 64, 128 ஆண்டுகளில் வெட்டிப் பார்ப்பது திட்டம். கடைசி வெட்டு 2088இல். தொடங்கியவர்களில் யாரும் அதைப் பார்க்கப்போவதில்லை. அந்த மேட்டில் கொடி ஏற்ற முடியாது, யாருடைய முன்னோரையும் அதில் குடியேற்ற முடியாது. மண் எப்படிச் சரிகிறது, எது மக்குகிறது, எது மிஞ்சுகிறது என்பதை மட்டும் அது சொல்லும். அது சுண்ணாம்பு மண், அங்கே பெய்வது வேறு மழை. நம் செம்மண்ணில், ஐப்பசி அடைமழையில், கறையானுக்கு நடுவே என்ன நடக்கும் என்று உங்கள் துறைக்குப் பின்புறம் கிடக்கும் கருவேலங்காட்டில் ஒரு மேடு போட்டுப் பார்க்கலாம். செலவு அதிகமில்லை. வெட்ட வேண்டிய ஆண்டுகளைச் சுவரில் எழுதிவைத்தால் போதும்.

முதல் வெட்டு விழும் நாளை ஒரு வாரம் முன்பே சொல்லியனுப்புங்கள். மண்வெட்டிகளுக்குப் பிடி நானே போட்டுத் தருகிறேன். என்ன மரம் என்பதைப் பதிவேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் முன்னாள் மாணவன் ஒருவன்